கிறிஸ்துமஸ், நாய், பழைய இங்கிலீஷ் படம்... மூணும் சேர்ந்த குவிஸ் கேள்வி இருந்தா குடுங்க ப்ளீஸ்

மூணாவதுமாடி:

மக்களே அவசரமா ஒரு ஹெல்ப். எங்க அபார்ட்மெண்ட்ல வருஷா வருஷம் டிசம்பர் 24 சாயங்காலம் குவிஸ் வைப்போம், இந்த தடவை அது என் தலையில விழுந்துடுச்சு. தலைப்பை குழந்தைங்களே எழுதி சீட்டு குலுக்கிப் போடட்டும்னு பெருந்தன்மையா சொல்லித் தொலைச்சேன், வந்த சீட்டு மூணு: கிறிஸ்துமஸ், நாய், பழைய இங்கிலீஷ் படம். கடைசி சீட்டு சத்தியமா குழந்தை எழுதினது இல்ல, யாரோ பெரியவங்க உள்ள தள்ளியிருக்காங்க. சரி மூணு ரவுண்டா பிரிச்சுக்கலாம்னா ஒரு வாண்டு "இல்ல ஆன்ட்டி, மூணும் கலந்துதான் வரணும்"னு ஒத்தக்கால்ல நிக்குது, மத்ததெல்லாம் அதுக்கு ஜால்ரா.

இன்னொரு சிக்கல், ரெண்டாவது மாடியில ஒரு ரிட்டயர்டு அங்கிள். தப்பா ஒரு கேள்வி போட்டா விடவே மாட்டார். போன வருஷம் "சாண்டாவுக்கு சிவப்பு டிரஸ் போட்டுவிட்டது எந்த கம்பெனி"ன்னு கேட்டு கோக கோலான்னு பதில் வச்சிருந்தாங்க, அங்கிள் ஃபோன்ல 19ஆம் நூற்றாண்டு படத்தை எடுத்து நீட்டி, கோலாக்காரன் அந்த குண்டு தாத்தாவை வரைய வச்சதே 1931ல, அதுக்கு முன்னாடியே தாத்தா சிவப்புலதான் இருக்கார்னு ஆரம்பிச்சு கேக் வெட்டவே அரை மணி நேரம் லேட். அதனால வாட்ஸ்அப் ஃபார்வர்டு சரக்கு வேணாம், நம்பி போடலாம்ங்கிற மேட்டர் மட்டும் குடுங்க.

பழையரீல்:

அக்கா, பனியில இருந்து ஆரம்பிங்க. ஹாலிவுட்ல அந்தக் காலத்துல கிறிஸ்துமஸ் சீனுக்கு பனி கொட்டணும்னா என்ன கொட்டுவாங்க தெரியுமா, கார்ன்ஃப்ளேக்ஸ். வெள்ளை பெயிண்ட் அடிச்ச கார்ன்ஃப்ளேக்ஸ். பார்க்க நல்லாத்தான் இருக்கும் ஆனா ஹீரோ அது மேல நடந்தா மொறுக் மொறுக்னு அப்பளம் நொறுங்குற சத்தம், அதனால அந்த சீன்ல பேசுற வசனத்தை எல்லாம் அப்புறமா டப்பிங் பண்ணித்தான் சேர்ப்பாங்க. 1946ல ஃபிராங்க் காப்ரா 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' எடுக்கும்போது அவருக்கு வசனம் ஸ்பாட்லயே ரெக்கார்ட் ஆகணும். ஆர்கேஓ ஸ்டூடியோவோட ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் ஆள் ரஸ்ஸல் ஷியர்மன் என்ன பண்ணார்னா தீயணைப்பு நுரை, சோப்பு, தண்ணி எல்லாம் கலந்து பெரிய ஃபேன் வச்சு ஊதிவிட்டார். சத்தமே இல்லாத பனி. அதுக்கு அகாடமி தொழில்நுட்ப விருது கூட குடுத்தாங்க. அந்தப் படம் எடுத்தது ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும், கலிஃபோர்னியா வெயில்ல. பாலத்து சீன்ல ஜேம்ஸ் ஸ்டூவர்ட் முகத்தைப் பாருங்க, சுத்தி பனி கொட்டுது, மனுஷனுக்கு வேர்த்து ஊத்துது.

அப்புறம் இதை குழந்தைங்ககிட்ட கொஞ்சம் பக்குவமா சொல்லுங்க, 1930, 40கள்ல அமெரிக்காவுல கடையில பாக்கெட் போட்டு வித்த கிறிஸ்துமஸ் மர செயற்கைப் பனி ஆஸ்பெஸ்டாஸ். ஆமா அதே கூரை ஷீட்டுல இருக்கிற ஆஸ்பெஸ்டாஸ்தான். தீப்பிடிக்காதுன்னு சொல்லியே வித்தாங்க. நம்ம ஊர்ல குடில் மேல பஞ்சை பிச்சு ஒட்டுறோமே அது எவ்வளவோ மேல்.

அதே படத்துல இன்னொண்ணு. ரிலீஸ் ஆனப்போ நஷ்டம். 1974ல காப்பிரைட்டை புதுப்பிக்காம விட்டுட்டாங்க, டிவிக்காரன் சும்மா விடுவானா, ஓசியில கிடைக்குதுன்னு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஓட்டு ஓட்டுன்னு ஓட்டினான், ஊரே பார்த்து பார்த்து அது "குடும்பப் பாரம்பரியம்" ஆயிடுச்சு. 1993ல உரிமை வச்சிருந்த கம்பெனி மூலக்கதை உரிமையையும் மியூசிக் உரிமையையும் பிடிச்சுக்கிட்டு வந்து ஓசி ஆட்டத்தை நிறுத்துச்சு. நாய் இல்ல இதுல, மன்னிச்சுக்கோங்க.

வாலாட்டி:

நாய் இல்லாம என்ன குவிஸ் :) நான் தரேன்.

முதல்ல உங்க வாண்டு கேட்ட மாதிரி மூணும் சேர்ந்த படம், 'தி தின் மேன்', 1934. துப்பறியும் படம், நியூயார்க்ல கிறிஸ்துமஸ் சமயத்துல நடக்குற கதை. ஹீரோ கிறிஸ்துமஸ் காலையில சோபாவுல படுத்துக்கிட்டு, பொண்டாட்டி பரிசா குடுத்த ஏர்கன் வச்சு மரத்துல தொங்குற பலூனை சுட்டுக்கிட்டு இருப்பார், கூட அவங்க நாய் ஆஸ்டா. கேள்வி இப்படி போடுங்க: நாவல்ல ஆஸ்டா என்ன ஜாதி நாய்? படம் பார்த்த எல்லாரும் ஃபாக்ஸ் டெரியர்னு கத்துவாங்க. தப்பு. டாஷியல் ஹாமெட் எழுதின நாவல்ல அது ஷ்னாஸர், அதுவும் பொட்டை. படத்துக்குத்தான் ஸ்கிப்பின்னு ஒரு ஒயர் ஃபாக்ஸ் டெரியர் பையனை போட்டாங்க. படம் ஹிட் ஆனதும் அந்த ஜாதி நாய்க்கு கிராக்கி ஏறிடுச்சு. இதே ஸ்கிப்பிதான் 'தி ஆஃபுல் ட்ரூத்'ல விவாகரத்து கேஸ்ல யாருக்கு நாய்னு அடிச்சுக்குவாங்களே அந்த நாய், அடுத்த வருஷமே 'பிரிங்கிங் அப் பேபி'ல டைனோசர் எலும்பை தூக்கிட்டு ஓடுற நாய். ஹீரோயின் மிர்னா லாயை ஒரு தடவை கடிச்சும் வச்சிருக்கு. ஷூட்டிங் இடைவெளியில நடிகர்கள் அதைக் கொஞ்சக் கூடாதுன்னு ட்ரெய்னர் தடை வேற போட்டிருந்தாங்களாம், கவனம் சிதறிடும்னு. எங்க வீட்டுப் பையனுக்கு சிதற கவனமே கிடையாது.

ஆண் பெண் மேட்டர்ல இன்னொரு கேள்வி வச்சா சபை கலகலன்னு ஆகும். 'விசர்ட் ஆஃப் ஆஸ்' படத்துல டோட்டோ கதைப்படி ஆண், நடிச்ச டெரி பெண். 'லாஸி கம் ஹோம்'ல லாஸி பெண், நடிச்ச பால் ஆண். கோலி ஜாதியில ஆண் நாய் பெருசா இருக்கும், கோடையில பெண் நாய் அளவுக்கு முடி கொட்டாது, அதனால. டெரிக்கு வாரம் 125 டாலர் சம்பளம், படத்துல மஞ்ச்கின்களா (கதையில வர்ற குட்டி மனுஷங்க) நடிச்சவங்கள்ல பல பேருக்கு அதை விட கம்மி. பாவம், ஷூட்டிங்ல சிப்பாய் வேஷம் போட்டவர் ஒருத்தர் டெரியோட காலை மிதிச்சுட்டார்.

எல்லாத்துக்கும் பாட்டன் ஒண்ணு இருக்கு. இங்கிலாந்து, 1905, 'ரெஸ்க்யூட் பை ரோவர்'. தயாரிப்பாளர் ஹெப்வொர்த் தன் பொண்டாட்டி, கைக்குழந்தை, வீட்டு நாய் பிளேர் எல்லாரையும் நடிக்க வச்சு 7 பவுண்டு சொச்சத்துல எடுத்த 6 நிமிஷப் படம், திருடிட்டுப் போன குழந்தையை நாய் கண்டுபிடிக்கிற கதை. பிரிண்ட் போட்டுப் போட்டு நெகட்டிவ் தேஞ்சு போய் படத்தை முழுசா இன்னும் ரெண்டு தடவை எடுக்க வேண்டியதா போச்சு. வெளியில இருந்து வந்த நடிகர்களுக்கு ஆளுக்கு அரை கினி கூலி குடுத்தாங்க, ஹீரோவா நடிச்ச நாய்க்கு சோறுதான்.

சும்மாவந்தேன்:

ரின் டின் டின் எங்கப்பா? முதல் ஆஸ்கார்ல சிறந்த நடிகருக்கு அதிக ஓட்டு வாங்கினதே அந்த நாய்தான், மனுஷனுக்குத்தான் குடுக்கணும்னு மாத்திட்டாங்க. இதை விட சூப்பர் கேள்வி இருக்கா.

பழையரீல்:

@சும்மாவந்தேன் தம்பி, அந்த அங்கிள் இருக்கிற சபையில இதைப் போட்டா அடுத்த வருஷ கேக்கும் சேர்ந்து லேட் ஆகும். சினிமா வரலாறு எழுதுறவங்களே இதுல ரெண்டு கட்சியா நிக்கிறாங்க. விருது போனது எமில் யானிங்ஸுக்கு, அது மட்டும்தான் உறுதி. ரின் டின் டின் வேணும்னா இதைக் கேளுங்க: 1918ல முதல் உலகப்போர் நடக்கும்போது பிரான்ஸ்ல லீ டங்கன்ங்கிற அமெரிக்க சிப்பாய் குண்டு விழுந்த இடத்துல இருந்து தூக்கிட்டு வந்த குட்டி, பின்னாடி வார்னர் பிரதர்ஸுக்கே கல்லா நிறைச்ச ஸ்டார். இப்போ பாரிஸ் பக்கத்துல அஸ்னியேர்ல நாய்களுக்குன்னே இருக்கிற கல்லறையில படுத்திருக்கு.

கிறிஸ்துமஸ் நாய்னா சார்லி பிரவுன்ங்கிற கார்ட்டூன் பையனோட நாய் ஸ்னூப்பியை மறந்துட்டீங்களே. 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்', 1965 டிசம்பர் 9, சிபிஎஸ் டிவி. போட்டுப் பார்த்த சேனல் பெரியவங்களுக்கு சுத்தமா பிடிக்கல, பின்னணியில சிரிப்பு சத்தம் இல்ல, ஜாஸ் மியூசிக், நடுவுல ஒரு பையன் பைபிள் வாசிக்கிறான், இது தேறாதுன்னு நினைச்சாங்க. ஊரே பார்த்துச்சு. ஸ்னூப்பிக்கு குரல் குடுத்தது யாருன்னு கேளுங்க, டைரக்டர் பில் மெலண்டஸே வாயால என்னமோ உளறி அதை ஸ்பீடு பண்ணி வச்சது. இன்னொரு விஷயம்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது: அப்போ அமெரிக்காவுல அலுமினிய கிறிஸ்துமஸ் மரம்தான் ஃபேஷன், பளபளன்னு சில்வர் கலர்ல, விஸ்கான்சின்ல மானிட்டோவாக் ஊர் கம்பெனி ஒண்ணு லட்சக்கணக்குல செஞ்சு தள்ளுச்சு. அதுல சீரியல் லைட் சுத்தக் கூடாது, உலோகம், ஷாக் அடிக்கும், அதனால கீழ கலர் சக்கரம் சுத்துற விளக்கு ஒண்ணை வைப்பாங்க. சார்லி பிரவுன் அந்த பளபளாவை எல்லாம் விட்டுட்டு நோஞ்சான் மரம் ஒண்ணை தூக்கிட்டு வருவான். அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல அலுமினிய மர வியாபாரம் படுத்துடுச்சு. இதுதான் காரணம்னு ஒரேயடியா சொல்ல மாட்டேன், ஆனா பழி இதும்மேலதான் விழுந்துச்சு.

நத்தார்க்காற்று:

நான் ஒஸ்லோவில இருக்கிறன், இஞ்ச நடக்கிற ஒண்டைச் சொல்லுறன், உங்கட குவிஸுக்கு உதவுமோ தெரியேல்ல. இஞ்ச நத்தார் எண்டா 24ஆம் திகதிதான். அண்டைக்குக் காலமை என்ஆர்கே டிவியில ஒரு படம் போடுவினம், வருசா வருசம் அதே படம்தான். நோர்வே படம் எண்டு நினைச்சால் இல்லை, 1973ல செக்கோஸ்லோவாக்கியாவும் கிழக்கு ஜேர்மனியும் சேர்ந்து எடுத்த சிண்ட்ரெல்லா படம். பகிடி என்னெண்டா இளவரசன், சித்தி, சிண்ட்ரெல்லா எல்லாருக்கும் ஒரே ஆம்பிளைதான் குரல் குடுத்திருக்கிறார், க்னூட் ரீசான் எண்டவர். அடியில செக் மொழியும் கேட்டுக்கொண்டிருக்கும். வந்த புதுசில டிவி பழுதாப்போச்செண்டு நினைச்சன். இப்ப என்ர பிள்ளையள் அந்தக் குரல் இல்லாமல் பாக்க மாட்டினம்.

அதைக் கோடையில எடுக்கத்தான் முதல் திட்டமாம், ஜேர்மன்காரர் குளிர்காலத்திலதான் வசதி எண்டு சொல்ல கதையையே பனிக்காலத்துக்கு மாத்திப்போட்டினம். பிறகு பாத்தால் சில இடங்களில பனி இல்லை. என்ன செய்தவை எண்டு நினைக்கிறியள், மீன்மாவைக் கொண்டுவந்து கொட்டிச்சினமாம். மணம் தாங்கேலாதாம். சிண்ட்ரெல்லாவுக்கு ஒரு நாயும் இருக்கு, அப்ப மூண்டும் சரி.

சும்மாவந்தேன்:

கார்ன்ஃப்ளேக்ஸ், ஆஸ்பெஸ்டாஸ், தீயணைப்பு நுரை, மீன்மாவு. வெள்ளைக்காரன் ஊர்ல நிஜப் பனியே பெய்யாதா பாஸ்

வாலாட்டி:

ஒண்ணு விட்டுட்டேன். 'லேடி அண்ட் தி ட்ராம்ப்', 1955. கிறிஸ்துமஸ்ல ஆரம்பிச்சு கிறிஸ்துமஸ்ல முடியும், ஆனா ரிலீஸ் ஜூன் மாசம். தொப்பி டப்பாவுக்குள்ள குட்டி நாய் வருமே முதல் சீன், அது வால்ட் டிஸ்னி நிஜமாவே பொண்டாட்டிக்கு குடுத்த பரிசு. அந்த ஸ்பகெட்டி சீன் இருக்கே, ரெண்டு நாயும் ஒரே நூடுல்ஸை இழுத்து மூக்கு முட்டுறது, அதை டிஸ்னி முதல்ல வேணாம்னுட்டார். ஃபிராங்க் தாமஸ்ங்கிற அனிமேட்டர் தானா வரைஞ்சு கொண்டு போய்க் காட்டினதுக்கு அப்புறம்தான் ஓகே ஆச்சு.

மூணாவதுமாடி:

அப்டேட். நேத்து நடந்துச்சு, எல்லாருக்கும் கும்பிடு.

பனி கேள்விக்கு வந்த பதில்கள்: உப்பு, தெர்மோகோல், ரவை, தேங்காய்த்துருவல், கோலமாவு. கார்ன்ஃப்ளேக்ஸ்னு ஒருத்தரும் சொல்லல. டோட்டோ பெண்ணுன்னு சொன்னதும் அங்கிள் எழுந்துட்டார், வழக்கம் போல ஃபோனை எடுத்தார், ரெண்டு நிமிஷம் தேடினார், ஒண்ணும் சொல்லாம உட்கார்ந்துட்டார். அடிச்ச விசில் கீழ செக்யூரிட்டி வரைக்கும் கேட்டிருக்கும். ஆனா ஆஸ்டா கேள்வியில ஷ்னாஸர்னு கரெக்டா சொன்னது அவர் ஒருத்தர்தான், நாவல் படிச்சிருக்காராம். அப்பவே எனக்கு ஒரு டவுட் வந்து சீட்டை எடுத்துப் பார்த்தேன், மெயிண்டனன்ஸ் நோட்டீஸ்ல அவர் எழுதுவாரே, அதே கையெழுத்து.

@நத்தார்க்காற்று உங்க சிண்ட்ரெல்லா படத்தை அந்த ஒத்தைக் குரலோடவே பார்க்கணுமாம் அவருக்கு, எங்க கிடைக்கும்னு கேக்கச் சொன்னார்.

முத்துநகர்:

லேட்டா வந்துட்டேன். தூத்துக்குடிக்காரன்ங்கிற முறையில ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன், மீன்மாவு லாரி நம்ம முன்னாடி போச்சுன்னா ஒரு கிலோமீட்டருக்கு கண்ணாடி ஏத்திட்டுத்தான் வண்டி ஓட்டுவோம். அதுல போய் கவுன் போட்டு ஆடியிருக்கு அந்தப் புள்ள. அதுக்கு குடுத்திருக்கணும் ஆஸ்காரு.