இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் மறைந்துபோன ஒரு பப்: பெயர் தேவை

பக்கத்து வீட்டுத் தாத்தா ஹாட்ஃபீல்ட்ஸ் எஃகு ஆலையில் வேலை பார்த்தவர். ஆலை இருந்த இடத்தில்தான் 1990-இல் மெடோஹால் வணிக வளாகம் வந்தது. ஷிப்ட் முடிந்ததும், உலைச் சூட்டில் வறண்ட தொண்டையோடு அவர் போன பப்பின் பெயர் மறந்துவிட்டதாம்.

தெரிந்தவை: 1970-களின் தொடக்கம், அட்டர்க்ளிஃப் அல்லது டின்ஸ்லி பக்கம், தெருமுனைக் கட்டடம், உள்ளே பியானோ, வார்ட்ஸ் பீர். (அந்த பீரைத் தயாரித்த வார்ட்ஸ் மதுவாலையையும் 1999-இல் மூடிவிட்டார்கள்.) சுற்றியிருந்த வீடுகளையே இடித்த பிறகு பப் எங்கே மிஞ்சும்!

நகரத்தின் பழைய படத் தொகுப்பில் தேடியாயிற்று. வரைபடங்களில் வெறும் 'பி.ஹெச்.' (பப்ளிக் ஹவுஸ், அதாவது பப்) என்றுதான் இருக்கிறது. பழைய முகவரிக் கையேட்டில் பெயர்கள் உண்டு, ஆனால் எந்தப் பப் எந்த மதுவாலைக்குச் சொந்தம் என்று இல்லை.

வார்ட்ஸுக்குச் சொந்தமான பப்களின் பட்டியல், தெருப் பெயரோடு, எங்கே கிடைக்கும்?