ஜி.இசட்.கே. எல்லை: என் கணக்கில் 10²⁰, பாடநூலில் 5×10¹⁹. எங்கே தவறினேன்?

கேள்வி

வணக்கம். முதுகலை இரண்டாம் ஆண்டில் வானியல் துகள் இயற்பியலைச் சிறப்புப் பாடமாகப் படிக்கிறேன். அண்டக்கதிர்களின் (விண்வெளியிலிருந்து வரும் உயர் ஆற்றல் துகள்களின்) ஆற்றலுக்கு 1966-இல் கிரைசனும், அவரைச் சாராமல் ஜாட்செப்பினும் குஸ்மினும் கணித்த எல்லையை, அதாவது அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளால் ஜி.இசட்.கே. எனப்படுவதை, நானே வருவித்துப் பார்த்தேன். பெருவெடிப்பின் எச்சமாக வெளியெங்கும் நிறைந்துள்ள கதிர்வீச்சான அண்ட நுண்ணலைப் பின்புலத்தின் வெப்பநிலை 2.725 கெல்வின் என்பதால், அதிலுள்ள ஒரு ஃபோட்டானின் சராசரி ஆற்றல் 6.3×10⁻⁴ எலக்ட்ரான் வோல்ட் ஆகிறது. புரோட்டான் அதனுடன் நேருக்கு நேர் மோதி ஒரு நடுநிலைப் பையானை (மின்னூட்டமற்ற, குறுகிய ஆயுளுள்ள துகளை) உண்டாக்கத் தேவையான ஆற்றல் எனக்கு 1.07×10²⁰ எலக்ட்ரான் வோல்ட் என வருகிறது. பாடநூலில் 5×10¹⁹ என்று இருக்கிறது. மூன்று முறை சரிபார்த்தும் பிழை தெரியவில்லை. அர்ஜென்டினாவின் பியர் ஓஜே அண்டக்கதிர் ஆய்வகம் கண்ட நிறமாலை வீழ்ச்சி (மிக உயர் ஆற்றலில் துகள்களின் எண்ணிக்கை திடீரெனக் குறைவது) இந்த எல்லையேதானா என்பதையும் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1

உங்கள் இயக்கவியல் சரியாகவே இருக்கிறது. எல்லா ஃபோட்டான்களுக்கும் சராசரி ஆற்றலே உண்டு என்று கொண்டதுதான் குறை. ஃபோட்டான்களின் ஆற்றல் எப்படிப் பரவியுள்ளது என்பதைத் தரும் பிளாங்க் பரவலுக்கு, உயர் ஆற்றல் பக்கத்தில் நீண்ட வால் உண்டு. 5×10¹⁹ எலக்ட்ரான் வோல்ட் புரோட்டானுக்கு எவ்வளவு ஆற்றலுள்ள ஃபோட்டான் தேவை என்று திருப்பிக் கணக்கிட்டால் 1.36×10⁻³ எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும். பரவலை அதற்கு மேல் தொகையிட்டால் மொத்த ஃபோட்டான்களில் ஏறத்தாழ 6 சதவீதம் வரும். ஒரு கன சென்டிமீட்டரில் 411 ஃபோட்டான்கள் இருப்பதால், நேர்மோதலுக்கு உதவக்கூடியவை அதில் 25 ஆகின்றன. கோடிக்கணக்கான ஒளியாண்டுகள் பயணம் செய்யும் புரோட்டானுக்கு இது குறைந்த எண்ணிக்கையன்று.

ஆகவே வினை தொடங்கும் ஆற்றல் வேறு, நிறமாலை சரியும் ஆற்றல் வேறு. புரோட்டான் ஃபோட்டானை ஏற்று டெல்டா என்ற குறுகிய ஆயுள் துகளாகும் டெல்டா ஒத்ததிர்வின் உச்சத்தில், மோதல் வாய்ப்பைக் குறிக்கும் குறுக்குவெட்டு சுமார் 5×10⁻²⁸ சதுர சென்டிமீட்டர். எல்லா ஃபோட்டான்களும் அந்த உச்சத்திலேயே மோதுவதாக வைத்துக்கொண்டால் சராசரி மோதலிடைத் தூரம் 1.6 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டுகள்) ஆகும். உண்மையில் அது சில மெகாபார்செக் வரை நீளும். ஒவ்வொரு மோதலிலும் புரோட்டான் தன் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழப்பதால், மூன்றே மோதல்களில் அது பாதியாகிவிடுகிறது. இதனை எல்லை என்பதைவிடத் தொடுவானம் என்று எண்ணிப் பழகுவது நல்லது: 10²⁰-க்கு மேலான ஆற்றலுடன் நம்மை வந்தடையும் புரோட்டான், ஏறத்தாழ 100 மெகாபார்செக்குக்குள் புறப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

பதில் 2

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். இத்தகைய ஆற்றலில் துகள்கள் எவ்வளவு அரியவை என்பதை முதலில் மனத்தில் பதிக்க வேண்டும். 10²⁰ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஒரு சதுர கிலோமீட்டரில் நூறாண்டுக்கு ஒன்றுகூட விழுவதில்லை. நம் ஊட்டியிலுள்ள கிரேப்ஸ்-3 காற்றுப்பொழிவு அணி (அண்டக்கதிர் வளிமண்டலத்தில் மோதி உண்டாக்கும் துகள் பொழிவைப் பதிவுசெய்யும் கருவித் தொகுப்பு) 25,000 சதுர மீட்டரில் பரந்திருக்கிறது. தன் ஆற்றல் எல்லையில் மிக நுட்பமான கருவி அது, ஆனால் இத்தகைய ஒரு துகளுக்கு அது நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேரும். அதனால்தான் ஓஜே ஆய்வகத்துக்காக அர்ஜென்டினாவின் மலார்குவே சமவெளியில் 3,000 சதுர கிலோமீட்டரில், ஒவ்வொன்றிலும் 12 டன் நீர் கொண்ட 1,600 தொட்டிகளை ஒன்றரைக் கிலோமீட்டர் இடைவெளியில் வைத்தார்கள்.

வீழ்ச்சி இருக்கிறது என்பதில் ஐயமில்லை. 2008-இல் ஹைரெஸ் (அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இயங்கிய அண்டக்கதிர் ஆய்வு), ஓஜே ஆகிய இரு குழுக்களும் அதனை வெளியிட்டன. ஆனால் அதன் காரணம் கிரைசன் சொன்னதுதான் என்று கூற நான் தயங்குகிறேன். காற்றுப்பொழிவு வளிமண்டலத்தில் எந்த ஆழத்தில் உச்சமடைகிறது என்பதை ஓஜே அளந்தபோது, ஆற்றல் கூடக் கூட விண்ணிலிருந்து வந்து பொழிவைத் தொடங்கும் முதன்மைத் துகள்கள் கனமான அணுக்கருக்களாக மாறிவருவது தெரிந்தது. துகள்களுக்கு ஆற்றலூட்டும் விண்பொருளான முடுக்கியின் காந்தப்புலம் தாங்கும் உச்ச ஆற்றல் மின்னூட்டத்துக்கு ஏற்பக் கூடுவதால், முதலில் புரோட்டான்களும் பின்னர் கனமானவையும் தீர்ந்துபோகும்போது இதே தோற்றம்தான் கிடைக்கும். அப்படியானால், நாம் காணும் சரிவில் ஒரு பகுதியாவது வழியில் நேர்ந்த இழப்பன்று, மூலங்களின் இயலாமை.

கேட்டவர்

மிக்க நன்றி. கனமான அணுக்கருக்களுக்கு இந்தப் பின்புலத்தால் பாதிப்பே இல்லையா?

பதில் 2

உண்டு. அணுக்கருவின் சட்டகத்தில் நுண்ணலை ஃபோட்டான் காமா கதிராகத் தெரியும். அணுக்கருவிலுள்ள புரோட்டான்களும் நியூட்ரான்களும் ஒன்றுக்கொன்று எதிராக அலைவுறும் பெரும் இருமுனை ஒத்ததிர்வின் வழியே, அது அந்த நியூக்ளியான்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கிறது. இரும்பைப் பொறுத்தவரை இது ஏறத்தாழ 10²⁰ அளவிலேயே வலுவடைவதால், நிறமாலையின் வடிவத்தை மட்டும் வைத்து இரு விளக்கங்களையும் பிரித்தறிய இயலாது.

பிரித்தறிய உதவக்கூடியது நியூட்ரினோ, பொருளுடன் மிக அரிதாகவே வினைபுரியும் மின்னூட்டமற்ற துகள். புரோட்டான் மோதலில் மின்னூட்டப் பையானும் உண்டாகி, அது சிதையும்போது புரோட்டான் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் ஒவ்வொரு நியூட்ரினோவுக்கும் செல்கிறது. இரும்பு சிதறினால் இவை வெகுவாகக் குறையும். தென்துருவப் பனிக்குள் அமைந்த நியூட்ரினோ ஆய்வகமான ஐஸ்கியூப் இத்தகைய நியூட்ரினோக்களின் பாய்வுக்கு மேல்வரம்புகளையே தந்துவருகிறது. மத்தியதரைக் கடலடியிலுள்ள நியூட்ரினோ ஆய்வகமான கே.எம்.3நெட் 2023 பிப்ரவரி 13 அன்று சுமார் 2.2×10¹⁷ எலக்ட்ரான் வோல்ட் என மதிப்பிடப்பட்ட ஒரு நியூட்ரினோவைப் பதிவுசெய்தது. அந்த ஒற்றை நிகழ்வைக் கொண்டு புரோட்டான்களின் பங்கைக் கணிக்க நான் துணியமாட்டேன். உங்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால், ஓஜே கண்ட துகள் கலவைக்கு எவ்வளவு நியூட்ரினோப் பாய்வு வர வேண்டும் என்ற கணக்கிலிருந்து தொடங்குங்கள்.