கோயில் மேக்கின்டாஷ்: பழைய ஹார்ட் டிஸ்கைப் பிழைக்க வைப்பதா, மெமரி கார்டு போடுவதா?

ரோஸ்ஹில்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். மொரீஷியஸில் எங்கள் கோயில் அலுவலக அறையில் ஒரு மேக்கின்டாஷ் எஸ்.இ/30 கம்ப்யூட்டர் இருக்கிறது. 1989-இல் வந்த மாடல். 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 68030 சில்லு, உள்ளே 40 மெகாபைட் ஸ்கஸி (டிஸ்கை மேக்கோடு இணைக்கும் அந்தக் காலத்து முறை) ஹார்ட் டிஸ்க். தைப்பூசக் காவடி அழைப்பிதழ், வருஷப் பிறப்புப் பூஜை அறிவிப்பு, நன்கொடைப் பட்டியல் என்று பத்துப் பன்னிரண்டு வருடம் கோயிலின் தமிழ் வேலை எல்லாம் இதில்தான் நடந்தது.

போன மாதம் சுவிட்சைப் போட்டேன். டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்டது. வழக்கமாக அடுத்து வரும் 'டக்டக்' மட்டும் வரவில்லை. திரையில் பிளாப்பி படமும் அதற்குள் ஒரு கேள்விக்குறியும் மின்னிக்கொண்டே இருந்தன.

பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு புளூஸ்கஸி போடலாம் என்று நினைக்கிறேன். சின்ன சர்க்யூட் போர்டுதான். எஸ்.டி. கார்டில் இருக்கும் ஒரு கோப்பை மேக்குக்கு ஹார்ட் டிஸ்க் என்று காட்டும். மேக்குக்கு வித்தியாசமே தெரியாது. சத்தமில்லை, சூடில்லை. செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஈயப்பற்று:
தம்பி, அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அந்த டிஸ்க் சாகவில்லை, ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் காலத்து டிஸ்க் சிலவற்றில், தட்டில் இருப்பதைப் படிக்கும் ஹெட்டைத் தாங்கிய கை ஓய்வுக்குப் போகும்போது முட்டிக்கொள்ள ஒரு சின்ன ரப்பர் துண்டு வைத்திருப்பார்கள். முப்பது வருடத்தில் அந்த ரப்பர் தார் மாதிரி உருகிவிடும். தட்டு சுற்றும், ஆனால் கை பசையில் மாட்டிக்கொண்டு நகராது. அதனால்தான் 'டக்டக்' வரவில்லை. மூடியைத் திறந்து, கையை மெதுவாக விடுவித்து, பசையைத் துடைத்துவிட்டு வேறு ரப்பர் வைத்தால் ஓடும். நானே மூன்று டிஸ்கில் செய்திருக்கிறேன், இரண்டு இன்றும் ஓடுகின்றன.

கார்டு போடுவது சுலபம்தான். ஆனால் எல்லோரும் அப்படியே செய்தால் இன்னும் பத்து வருடத்தில் ஹார்ட் டிஸ்கைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர்கூட நம் தீவில் இருக்கமாட்டார். விசிறியையும் பிளாப்பியையும் விட்டால் அந்த இயந்திரத்தில் அசைகிற பாகம் அது ஒன்றுதான். அதைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது பழைய பெட்டிக்குள் ஒரு புது போன் சாமான்.

கியூர்பிப் மழை:
ஐயா சொல்லும் ரப்பர் விஷயம் உண்மைதான். ஆனால் மூன்றில் இரண்டு என்கிறீர்களே, அந்த மூன்றாவது டிஸ்கில் என்ன இருந்தது?

தம்பி, டிஸ்கா கார்டா என்ற கேள்விக்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அதற்குள் இருப்பவற்றுக்கு வேறு பிரதி இருக்கிறதா?

ரோஸ்ஹில்வாசி:
இல்லை அக்கா. பிளாப்பியில் கொஞ்சம் இருந்ததாம், எல்லாம் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. 1998-இல் புது ரூபாய் நோட்டில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி இந்தியை முன்னால் போட்டு அச்சடித்தார்களே, அப்போது எங்கள் கோயிலில் எழுதிய அறிக்கைகள்கூட இதில்தான் இருக்கின்றன என்று கமிட்டிப் பெரியவர் சொல்கிறார். நம் ஆட்கள் எதிர்த்ததில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். அந்த நாட்களில் இரவெல்லாம் உட்கார்ந்து தட்டச்சு செய்தவர் அவர்.

கியூர்பிப் மழை:
அப்படியென்றால் அந்த டிஸ்குக்கு இனி ஒருமுறைகூடச் சும்மா கரண்ட் கொடுக்காதீர்கள். ஓடுகிறதா பார்ப்போம் என்று பத்து முறை சுவிட்ச் போட்டுப் பார்த்தே பலர் இழந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. கோப்புகளை மட்டும் பென் டிரைவில் காப்பி எடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழைய மேக்கில் ஒரு கோப்புக்கு இரண்டு கிளை உண்டு. ஒன்றில் தரவு இருக்கும், மற்றதில் ஐகான், எழுத்துரு மாதிரியானவை இருக்கும். பென் டிரைவுக்குப் போகும்போது இரண்டாவது கிளை உதிர்ந்துவிடும். மேக்கின் இயங்குதளம் சிஸ்டம் 6 ஆக இருந்த காலத்தில் எழுத்துருக்கள் சிஸ்டம் கோப்புக்குள்ளேயே இருந்தன. தமிழ் எழுத்துரு அங்கேதான் இருக்கும். யூனிகோட் (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) பரவுவதற்கு முந்தைய எழுத்துரு என்பதால் அதன் குறியீடு அதற்கு மட்டும்தான் தெரியும். எழுத்துரு தொலைந்தால் உங்கள் அறிக்கை முழுவதும் தலையில் கொம்பு முளைத்த பிரெஞ்சு எழுத்துகளாகத்தான் தெரியும். டிஸ்கை முதல் செக்டரிலிருந்து (தட்டின் சின்னத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு செக்டர்) கடைசி செக்டர் வரை அப்படியே படமாக, அதாவது ஒரே கோப்பில் அச்சு அசல் நகலாக எடுக்க வேண்டும்.

எட்டுபிட்:
பக்கத்துத் தீவு ரீயூனியனிலிருந்து எழுதுகிறேன். என் பழைய 386 பி.சி.யில் ஐ.டி.இ. (பி.சி.யில் டிஸ்கை இணைக்கும் முறை) டிஸ்க் போனதும் காம்பாக்ட் பிளாஷ் கார்டு போட்டேன். அந்தக் கார்டுக்கே ஐ.டி.இ. மொழி தெரியும், நடுவில் ஓர் அடாப்டர் போதும். அந்தக் காலத்து பயாஸ் (பி.சி.யைத் துவக்கும் நிரல்) 504 மெகாபைட்டுக்கு மேல் பார்க்காது, அவ்வளவுதான் தொல்லை. ஸ்கஸியில் அந்தத் தொல்லையும் இல்லை. ஈயப்பற்று அண்ணா, ஐந்து வருடமாக ஒரு குறையும் வரவில்லை. எதற்கு இந்தப் பிடிவாதம்?

ஈயப்பற்று:
பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், காரணத்தையும் கேளுங்கள். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் சொல்லும். சத்தம் மாறும், ஒரு கோப்பைத் திறக்க இரண்டு நிமிடம் எடுக்கும், நமக்கு வயிற்றில் புளி கரைக்கும், பிரதி எடுப்போம். மெமரி கார்டு ஒன்றும் சொல்லாது. நேற்று இருந்தது, இன்று இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எழுதிய இடம் மட்டுமல்ல, சம்பந்தமில்லாத இடமும் கெடலாம். சூறாவளிக் காலத்தில் இங்கே கரண்ட் போய்ப்போய் வருவது உங்களுக்குத் தெரியாதா? பழைய டிஸ்க் கரண்ட் போனதும் தன் ஹெட்டைத் தானே ஓரமாக ஒதுக்கிக்கொள்ளும்.

அப்புறம் சத்தம். என் மகளுக்கு நான் 'அ, ஆ' தட்டச்சு செய்யக் காட்டிய இயந்திரமும் எஸ்.இ/30தான். சேமி என்று அழுத்தியதும் உள்ளே ஏதோ நடக்கிற சத்தம் கேட்கும். எழுதியது ஓர் இடத்தில் போய் உட்காருகிறது என்று அவள் காதால் தெரிந்துகொண்டாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த மேக்கைக் காட்டப்போகிறீர்கள் என்றால் அவர்களுக்கும் அது கேட்க வேண்டும்.

ரோஸ்ஹில்வாசி:
ஐயா, நீங்கள் சொல்வது மனசுக்குப் புரிகிறது. ஆனால் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோயிலுக்கே கும்பாபிஷேகம் செய்கிறோம். உடைந்த சுதையை மாற்றுகிறோம், கூரையை மாற்றுகிறோம், வர்ணம் புதிது. அதனால் கோயில் வேறு கோயில் ஆகிவிடுகிறதா? டிஸ்கும் அப்படி ஒரு பாகம்தானே?

ஈயப்பற்று:
நல்ல இடத்துக்கு வந்தீர்கள் தம்பி. கும்பாபிஷேகத் திருப்பணி தொடங்கும் முன் என்ன செய்கிறோம்? பாலாலயம். சாமியின் சக்தியைத் தற்காலிகமாக வேறோர் இடத்தில் எழுந்தருளச் செய்கிறோம். திருப்பணி முடிந்ததும் கருவறைக்குத் திரும்ப அழைக்கிறோம். உங்கள் எஸ்.டி. கார்டு பாலாலயம். அதற்கு நான் எதிரி இல்லை. பாலாலயத்திலேயே சாமியை விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கியூர்பிப் மழை:
ஐயா, அழகாகச் சொன்னீர்கள். ஆனால் திருப்பணி முடிந்த கருவறை நூறு வருடம் நிற்கும். மூடியைத் திறந்த டிஸ்க் எத்தனை நாள் நிற்கும்? 40 மெகாபைட் காலத்து ஹெட் இன்றைய டிஸ்கைவிட உயரத்தில் பறக்கும், ஒரு தூசி விழுந்த உடனே எல்லாம் நாசமாகாது, சரி. ஆனால் எங்கள் கியூர்பிப் மேட்டில் துணி காய மூன்று நாள் ஆகிறது. இந்த ஈரத்தில் திறந்து மூடிய டிஸ்கை நம்பி கோயிலின் ஒரே பிரதியை மீண்டும் அதில் வைக்க என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

மின்சாரக் கணக்கும் இருக்கிறது. பழைய டிஸ்க் சுற்றத் தொடங்கும் நொடியில் 12 வோல்ட் கம்பியிலிருந்து ஓர் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். முப்பத்தைந்து வயதான பவர் சப்ளைக்கு ஒவ்வொரு முறையும் அது ஒரு அடி. கார்டு போட்டால் அந்த அடி இல்லை. நீங்கள் டிஸ்குக்காக வாதாடுகிறீர்கள், நான் மற்ற பாகங்களுக்காக வாதாடுகிறேன்.

கார்டு சொல்லாமல் சாகும் என்பது உண்மை. ஆனால் அதில் இருப்பது ஒரே ஒரு 40 மெகாபைட் கோப்பு. இன்றைய கம்ப்யூட்டரில் செருகினால் சில நொடியில் பிரதி. பத்து வீட்டில் பத்துப் பிரதி வைக்கலாம்.

ரோஸ்ஹில்வாசி:
சரி, இப்போது நான் எதை முதலில் செய்வது? என்னிடம் ஸ்கஸி கார்டு உள்ள பழைய பி.சி.யும் இல்லை.

கியூர்பிப் மழை:
தேவையில்லை. புளூஸ்கஸியின் இரண்டாம் பதிப்பு வாங்குங்கள், ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்னப் பலகையில் ஓடுவது. அதை மேக்கில் மாட்டாமல் பழைய டிஸ்கோடு நேராக இணைத்து, இனிஷியேட்டர் முறையில் இயக்கினால் அதுவே டிஸ்கைப் படித்து எஸ்.டி. கார்டில் படமாக எழுதிவிடும். டிஸ்குக்கு மட்டும் தனியாக நல்ல பவர் சப்ளையிலிருந்து கரண்ட் கொடுங்கள். ஆனால் ஒட்டிய கையை முதலில் விடுவிக்க வேண்டும். அதற்கு ஐயாவை விட்டால் ஆள் இல்லை.

ஈயப்பற்று:
வருகிறேன். மகளே, நீங்கள் கேட்ட அந்த மூன்றாவது டிஸ்கில் என் அப்பாவின் கணக்குகள் இருந்தன. முதலில் படிக்காமல், சரியாகிவிட்டது என்று மகிழ்ந்து ஒரு வாரம் ஓட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் தட்டில் கீறல். அதனால் இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பேச்சைக் கேட்கிறேன். கை விடுபட்டதும் முதல் வேலை படிப்பதுதான்.

தம்பி, நான் வருவதற்குள் மேக்கைத் திறந்து போர்டில் இருக்கும் சின்ன லித்தியம் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அது கசிந்தால் போர்டையே தின்றுவிடும். திறக்கும்போது படக்குழாய்ப் பக்கம் கை வைக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் இருக்கலாம்.

ரோஸ்ஹில்வாசி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பேட்டரி நல்லவேளை கசியவில்லை. சனிக்கிழமை ஐயா வந்தார், ஜன்னல் எல்லாம் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மூடியைத் திறந்தார். ரப்பர் இருந்த இடத்தில் கறுப்புப் பசை. கை விடுபட இரண்டு நிமிடம்தான் ஆனது. உடனே புளூஸ்கஸியை இணைத்தோம். முழு டிஸ்கும் வந்துவிட்டது, பதினொரு செக்டர் மட்டும் படிக்க முடியவில்லை. அவை ஒரு பழைய விளையாட்டின் கோப்பில் விழுந்திருக்கின்றன.

எழுத்துரு பத்திரமாக இருக்கிறது. இப்போது மேக் கார்டிலிருந்து ஓடுகிறது. 1998 அறிக்கை ஏழு வரைவாக இருக்கிறது. கமிட்டிப் பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஏழையும் வாய்விட்டுப் படித்தார். ஐந்தாம் வரைவில் யாரோ ஒரு கடுமையான வரியை வெட்டச் சொல்லி, அவர் வெட்டாமல் விட்டிருக்கிறார்.

எட்டுபிட்:
அருமை! அப்படியானால் கார்டு வென்றது.

ஈயப்பற்று:
வெல்லவில்லை. படம் எடுத்தாகிவிட்டதால் இனி டிஸ்க் செத்தாலும் இழப்பில்லை. ஆகவே இப்போதுதான் அது மேக்குக்குள் திரும்பிப் போகத் தகுதியாக இருக்கிறது. புது ரப்பர் வைத்துவிட்டேன், இரண்டு நாளாக என் மேசையில் ஓடுகிறது.

கியூர்பிப் மழை:
என் பதில் மாறவில்லை ஐயா. டிஸ்க் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் இருக்கட்டும், வகுப்பு நாளில் மட்டும் வெளியே எடுங்கள். தினமும் ஓடுவது கார்டாகவே இருக்கட்டும்.

ரோஸ்ஹில்வாசி:
கமிட்டி வருஷப் பிறப்பு முடிந்த அடுத்த சனிக்கிழமை கூடுகிறது. இரண்டு பேரும் வாருங்கள், பிள்ளைகளும் இருப்பார்கள். பிரதி இதுவரை நான்கு வீட்டில் இருக்கிறது. ஐந்தாவதை எடுத்துக்கொள்ள யார் வருகிறீர்கள்? மதியம் வாழை இலையில் ஏழு கறி உண்டு.