பாடாங் பெசார் வழியாக ஹாட்யாய்: தனியாகப் போய் வரலாமா?

திருச்சி டீச்சர்:
வணக்கம். ஓய்வு பெற்ற தமிழாசிரியை, வயது 63. மகளின் பிரசவத்துக்காகப் பினாங்கு வந்து சுங்கை ஆராவில் தங்கியிருக்கிறேன். பேரன் பத்து நாள் தாமதமாகப் பிறந்தான். உடனே விமான டிக்கெட்டைத் தள்ளிப்போட்டோம். இந்தியர்களுக்கு மலேசியா விசா இல்லாமல் தரும் 30 நாளைத் தள்ளிப்போட முடியாது என்பது பிறகுதான் உறைத்தது. வரும் வியாழனோடு அது முடிகிறது. விமானமோ அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து.

"எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹாட்யாய் நகருக்குப் போய் வந்தால் இன்னொரு 30 நாள்" என்கிறார் பக்கத்து வீட்டம்மா, கோயிலுக்குப் போய் விபூதி வாங்கி வருவதைப் போல. மகளுக்குத் தையல் ஆறவில்லை, மருமகனுக்கு விடுப்பு இல்லை. தனியாகத்தான் போக வேண்டும். முட்டைகூடச் சாப்பிட மாட்டேன். முப்பத்தைந்து ஆண்டு தாய்மொழி கற்பித்தவள். தாய்லாந்து மொழியில் ஓரெழுத்தும் தெரியாது.

பட்டர்வொர்த் பெரியவர்:
டீச்சரம்மா, வழி எளிது. ஃபெரியில் பட்டர்வொர்த் வந்தால் ரயில் நிலையம் நடை தூரம். கொமுட்டர் ரயில் சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார், ஆராவ் வழியாக ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் எல்லையில் உள்ள பாடாங் பெசார் போய்விடும். இரு நாட்டுக் குடிநுழைவு முகப்புகளும் அந்த நிலையத்துக்குள்ளேயே இருக்கின்றன. அங்கிருந்து ஹாட்யாய்க்குத் தாய்லாந்து ரயில், 50 பாட், சுமார் ஒரு மணி நேரம். நாளுக்குச் சில வண்டிகள்தான்.

தாய்லாந்து மணி நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. ஒருமுறை திரும்பும்போது கடிகாரத்தை மாற்ற மறந்து, நேரம் இருக்கிறதென்று பாடாங் பெசாரில் தேநீரை ஆற்றி ஆற்றிக் குடித்தேன். கொமுட்டர் என் கண்ணெதிரே கிளம்பிப் போனது.

இந்தியருக்குத் தாய்லாந்து விசா விலக்கு 2023 நவம்பரில் வந்தது. அதை அவ்வப்போது மாற்றுகிறார்கள், கிளம்பும் வாரத்தில் தூதரகத் தளத்தைப் பாருங்கள். 2025 மே 1 முதல் அவர்களுடைய மின்னியல் வருகை அட்டையும் கட்டாயம். போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம், இலவசம். பணம் கேட்கும் தளம் போலி. திரும்பி வர மலேசிய வருகை அட்டையைப் புதிதாக நிரப்ப வேண்டும். வந்தபோது நிரப்பியது செல்லாது.

செபராங் ஜெயா தம்பி:
எல்லாரும் ரயில் நேரம் சொல்கிறீர்கள். அடுத்த 30 நாள் உரிமை அல்ல, அம்மா. முகப்பில் இருப்பவர் மறுக்கலாம். மறுத்தால் தெரியாத ஊரில் தனியாக நிற்பது நீங்கள்தான், பக்கத்து வீட்டம்மா அல்ல. விமானத்தை முன்னால் மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். போவதே முடிவென்றால் இந்தியா திரும்பும் விமான டிக்கெட்டை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். பேரனின் பிறப்புச் சான்றிதழ் நகல், மருமகனின் வேலை அனுமதி நகல் இரண்டும் கையில் இருக்கட்டும். அன்றே திரும்பாமல் ஓர் இரவாவது தங்குங்கள். ஒரு நாள்கூடக் கூடுதலாக இங்கே இருந்துவிடாதீர்கள், அது குற்றம்.

புக்கிட் மெர்தாஜாம் அக்கா:
சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடையைத் தேடுங்கள். "ஜே" என்பார்கள். முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயம் பூண்டும் சேர்க்காத சமையல். மற்ற கடைகளில் கீரை கேட்டாலும் மீன் சாற்றைத் தெளித்துத்தான் வரும்.

திருச்சி டீச்சர்:
போய் வந்துவிட்டேன். விமானத்தை மாற்றக் கேட்ட தொகைக்குப் பேரனுக்கு அரைஞாண் கொடி வாங்கலாம், அதனால் ரயிலே ஏறினேன். தம்பி சொன்னபடி ஓர் இரவு தங்கினேன். அக்கா சொன்ன மஞ்சள் கொடியை மூன்றாவது தெருவில் கண்டுபிடித்தேன். அந்த எழுத்தை உள்ளங்கையில் வரைந்து வைத்திருந்ததைப் பார்த்துக் கடைக்காரப் பெண் சிரித்து, இன்னொரு கரண்டி காளான் வைத்தாள்.

திரும்பும்போது அதிகாரி, "நேற்றுத்தானே போனீர்கள்?" என்று கேட்டார். டிக்கெட்டை நீட்டினேன். தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேரனின் சான்றிதழை நிதானமாகப் படித்தார். "ஆணா?" என்றார். ஆமாம் என்றேன். முத்திரை குத்திவிட்டு, டிக்கெட்டில் இருந்த தேதியை விரலால் இருமுறை தட்டிக் காட்டினார்.

பெரியவரே, கடிகாரத்தை மாற்றிவிட்டுத்தான் தேநீர் குடித்தேன்.