பழைய சக ஊழியர் பரப்பும் பொய்: முதலில் என்ன செய்வது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருந்தேன். தை மாதம் நானாக விலகி, கிண்டியில் இதே வேலைக்குச் சேர்ந்தேன். நான் கமிஷன் வாங்கிப் பிடிபட்டதால் வெளியேற்றப்பட்டதாக அங்கே உடன் வேலை பார்த்தவர் சப்ளையர்களிடம் சொல்லி வருகிறார்.

சப்ளையர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்ட குரல் பதிவு என்னிடம் இருக்கிறது. "அவரிடம் பில்லோடு கவரையும் நீட்டுங்கள், வேலை நடக்கும்" என்று சிரிக்கிறார். போன வாரம் ஒரு பட்டறைக்காரர் விலைப்பட்டியலுக்கு அடியில் நிஜமாகவே ஒரு கவரை வைத்துவிட்டார், எதிரே என் மேலாளர் உட்கார்ந்திருக்கும்போதே! திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் மேலாளரின் பார்வை மாறிவிட்டது.

அந்தப் பழைய சக ஊழியரிடமே பேசினேன், விளையாட்டுக்குச் சொன்னாராம். பழைய நிறுவனத்தின் மனிதவளத் துறை, விலகியவர் விவகாரம் தங்களுக்கு எதற்கு என்று கைகழுவிவிட்டது. பணி அனுபவச் சான்றிதழும் ராஜினாமாவை ஏற்ற கடிதமும் பத்திரமாக இருக்கின்றன, கேட்பவர்தான் இல்லை. காவல் நிலையத்தில், அவதூறுக்கு நேரடியாக எஃப்ஐஆர் போட முடியாது, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றார்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு அது. நஷ்டஈடு கேட்டு உரிமையியல் வழக்குப் போடுவதென்றால் 1 ஆண்டுதான் காலவரம்பு.

இப்படி மாட்டியவர்கள் சொல்லுங்கள்: முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதா, மேலாளரிடம் குரல் பதிவைக் காட்டிப் பேசுவதா?