5 ஹார்ட்டுக்கு மேல் டபுளா, 5 ஸ்பேடா?

பெரம்பூரில் ஞாயிறு பிரிட்ஜ் சீட்டாட்ட டீம் ஆட்டத்தில் வந்த கை இது. நானும் பார்ட்னர் அண்ணனும் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டோம், முடிவு வரவில்லை. அடுத்த வாரமும் நாங்கள்தான் ஜோடி.

நாங்கள் வல்னரபிள் (ஜெயித்தால் போனஸும் தோற்றால் அபராதமும் அதிகம்), எதிரணி இல்லை. மேஜர் (ஸ்பேட் அல்லது ஹார்ட்) ஓப்பனிங்குக்கு, அதாவது முதல் ஏலத்துக்கு, அதில் 5 சீட்டு வேண்டும் என்ற முறை. என் கை: ஸ்பேடில் ராஜா 9 6 3, ஹார்ட் 8 மட்டும், டைமண்டில் ஏஸ் 7 4 2, கிளாவரில் ராணி, ஜாக்கி, 8, 5.

ஏலத்தில் பார்ட்னர் 1 ஸ்பேட், வலப்பக்கம் 4 ஹார்ட், நான் 4 ஸ்பேட், இடப்பக்கம் 5 ஹார்ட். அப்புறம் பார்ட்னரும் வலப்பக்கமும் பாஸ். நான் டபுள் சொன்னேன், அதாவது அவர்கள் தோற்பார்கள், அபராதம் கூடட்டும் என்று. அவர்கள் ஒன்று டவுன் (ஒரு ட்ரிக், அதாவது ஒரு பிடி, குறைவு), நமக்கு 100. மற்ற மேஜையில் 5 ஸ்பேட் போட்டு 650 எடுத்தார்கள். 11 இம்ப் (டீம் ஆட்டப் புள்ளி) போச்சு.

மொத்த ட்ரிக் விதிப்படி (இரு அணியின் துருப்புச் சீட்டுகளைக் கூட்டினால் இரு அணிக்கும் கிடைக்கும் மொத்த ட்ரிக் சுமாராக வரும்) போட்டுப் பார்த்தேன். நமக்கு 9 ஸ்பேட், அவர்களுக்கு 10 ஹார்ட் என்றால் 19 ட்ரிக். அது டபுள் பக்கம்தான் சாய்கிறது. கிளப்பில் மூத்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில்.

5 ஹார்ட்டுக்கு மேல் தான் சொன்ன பாஸ் ஃபோர்சிங் (அதன்பின் நான் பாஸ் சொல்லக்கூடாது), 5 ஸ்பேடுக்கு அழைப்பு என்கிறார் அண்ணன். எனக்கு அது இடிக்கிறது. 4 ஹார்ட் நெருக்கடியில் 6 பாயின்ட்டும் நீளமான ஸ்பேட் துணையும் இருந்தால்கூட நான் 4 ஸ்பேட் சொல்லியிருப்பேன். அப்படியிருக்க கை நம்முடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இந்த வல்னரபிலிட்டியில், ப்ரீஎம்ப்டுக்கு (4 ஹார்ட் மாதிரி எதிரணியை நெருக்கச் சொல்லும் உயர்ந்த ஏலத்துக்கு) மேல் சொன்ன 4 ஸ்பேடுக்குப் பிறகு வரும் பாஸை நீங்கள் ஃபோர்சிங்காக ஆடுவீர்களா?