பழைய செடான் வைத்திருப்பவர்களே, உங்கள் செலவுக் கணக்கு என்ன?

வைகைக்கரை, மதுரை:

என்னுடையது 2009 மாடல் பெட்ரோல் செடான், அதாவது பின்னால் டிக்கி தனியாக நீண்ட கார். எனக்கு முன் இரண்டு பேர் ஓட்டியது. 2021ஆம் ஆண்டு ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு வாங்கினேன். மீட்டர் 92,000 கிலோமீட்டர் என்றது. கிளட்ச் பெடலின் ரப்பரோ கோடுகள் அத்தனையும் அழிந்து கூழாங்கல்லாய் மழுங்கியிருந்தது. இரண்டில் எதை நம்புவது என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். பின்சீட்டின் அகலத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

வீட்டில் மனைவி நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கார் செலவை மட்டும் தனியாக எழுதி வருகிறார். முதல் ஆண்டுப் பக்கம் இப்படி இருக்கிறது: டயர் நான்கு, 18,400. பேட்டரி 4,600. சக்கரத்தைத் தாங்கும் பாகங்களான லோயர் ஆர்ம், லிங்க் ராடு, புஷ் வேலை 11,200. ஏ.சி. கூலிங் காயில் 9,500. மொத்தம் 43,700 ரூபாய். டயர்களில் பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேடுகள்) தேயாமல் இருந்தது, பார்க்கப் புதிதுபோலத்தான் இருந்தன. ஓரத்தில் இருந்த நான்கு இலக்க எண்ணை மெக்கானிக் காட்டினார்: 2313. அதாவது 2013ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ரப்பர் இறுகிப் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தது. ஓடாமல் நின்றாலும் டயருக்கு வயதாகும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இரண்டாம் ஆண்டு திருச்சிக்குப் போகும்போது துவரங்குறிச்சி தாண்டியதும் வெப்பமானி முள் மேலேறத் தொடங்கியது. அங்கேயே நிறுத்தியிருந்தால் ரேடியேட்டரோடு போயிருக்கும். உச்சி வெயில், பின்னால் மாமியார். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று ஏ.சி.யை மட்டும் அணைத்துவிட்டு ஆறு கிலோமீட்டர் ஓட்டினேன். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மேல்தொட்டி விரிசல் விட்டிருந்தது. உள்ளே இருந்தது என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் அல்ல, துருவேறிய போர்வெல் தண்ணீர். முன்பு வைத்திருந்தவர் ஊற்றி ஊற்றிப் பழக்கியிருக்கிறார்.

மதுரைக்குத் தூக்கி வந்து ஆயில் மூடியைத் திறந்தபோது உட்புறம் பால் அதிகமான காப்பி நிறத்தில் பிசுபிசுத்தது. தண்ணீர் ஆயிலோடு கலந்துவிட்டது. என்ஜினின் மேல்மூடியான ஹெட்டை இறக்கினார்கள். மெக்கானிக் அதன் அடிப்பரப்பில் ஒரு இரும்பு ஸ்கேலைக் குறுக்காக வைத்து, ஸ்கேலுக்கும் ஹெட்டுக்கும் நடுவே மெல்லிய ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகிப் பார்த்தார். நுழையக் கூடாத தகடு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல நுழைந்தது. அலுமினிய ஹெட், சூட்டில் வளைந்துவிட்டது. லேத்தில் கொடுத்துச் சீவி, கேஸ்கட் மாற்றி, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாம் சேர்த்து 27,500. ரேடியேட்டர் தனியாக 5,800. நோட்டில் மனைவி அந்த 27,500க்கு எதிரே 'ஆறு கிலோமீட்டர்' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார்.

உங்களுக்கு எது கையைக் கடித்தது? எழுதுங்கள்.

முத்துநகர்வாசி, தூத்துக்குடி:

உங்களுக்குத் தண்ணீர், எங்களுக்கு உப்புக்காற்று. என்ஜின் குதிரை மாதிரி ஓடியது என்று வாங்கினேன். முதல் மழையில் கால்மிதி நனைந்தது. விரிப்பைத் தூக்கினால் தரைத் தகடு அப்பளம். விரலால் அழுத்தியதும் உதிர்ந்தது. கதவுக்குக் கீழே ஓடும் படியில், ஓட்டையை அடைக்கும் பசையான பட்டியைக் குழைத்துப் பூசிப் பெயிண்ட் அடித்து விற்றிருக்கிறார்கள். டிங்கரிங் செலவு 38,000, மூன்று வாரம் வண்டி இல்லை. கடலோர வண்டி பார்க்கப் போகிறவர்கள் சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது.

வேளச்சேரிக்காரன்:

நான் சொன்னால் சிரிப்பீர்கள். 2016 கோடையில் சென்னையில் வாங்கினேன். 2015 டிசம்பர் வெள்ளம் முடிந்து ஆறு மாதம் கூட ஆகவில்லை. விலை குறைவாக இருந்ததற்கு, விற்றவர் வெளிநாடு போகிறார் என்றார் தரகர். எல்லாத் தரகர்களின் வாடிக்கையாளர்களும் வெளிநாடுதான் போகிறார்கள்.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஓட்டுநர் பக்கக் கண்ணாடி தானாகவே இறங்கும். ஹாரன் அடித்தால் வைப்பர் ஓடும். ஒருநாள் நள்ளிரவில் வீட்டு வாசலில் நின்ற வண்டி ஹாரனை அலறவிட்டது. எதிர்வீட்டுப் பெரியவர் இன்றும் என்னோடு பேசுவதில்லை. எலக்ட்ரீஷியன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினார். நாம் யாரும் இழுக்காத அந்த அடிப்பகுதியில் சேற்றின் கோடு தெளிவாக இருந்தது. ஒயரிங் இணைப்புகளுக்குள் பச்சைப் பூஞ்சைபோலக் களிம்பு. பழைய உதிரி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் அலைந்து பழைய ஒயரிங் தொகுப்பு ஒன்றை வாங்கி மாட்டியும் முழுதாகச் சரியாகவில்லை. உண்மையைச் சொல்லி, பாதி விலைக்கு உதிரி பாகக் கடைக்கே விற்றேன்.

ஸ்பேனர் பிடித்த கை, கோவை:

இருபது வருடம் பட்டறையில் இருந்தவன் என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் என்ஜினில் வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்குவது டைமிங் செயினா பெல்ட்டா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால், மாற்றியதற்கு பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் பல என்ஜின்களில் பிஸ்டன் மேலேறி வால்வை வளைத்துவிடும். பெல்ட், டென்ஷனர், பேரிங் மாற்றும் செலவைப் போல ஐந்தாறு மடங்கு அதற்குப் போகும். அறுவதற்கு முன் பெரும்பாலும் சத்தம் எதுவும் வராது.

பவானி, ஈரோடு:

எங்களுடையது அப்பா 2007ஆம் ஆண்டு புதிதாக எடுத்த வண்டி. இயந்திரக் கோளாறு குறைவு, காகிதக் கோளாறு அதிகம். 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பதினைந்து வருட கார்களின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. எங்கள் ஆர்.சி. (பதிவுச் சான்று) முடிந்தது அந்த ஜூன் மாதம்! எஃப்.சி.க்குக் (தகுதிச் சான்றுக்கு) கொண்டுபோன பிறகுதான் இன்னொன்று தெரிந்தது: வங்கிக் கடனை அப்பா 2011ஆம் ஆண்டே அடைத்துவிட்டார், ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. வங்கிக் கிளையோ வேறு கிளையோடு இணைந்து இடம் மாறிவிட்டது. தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்கும் படிவம் 35ம் வாங்க நான்கு முறை நடந்தேன். பழைய கார் வாங்குகிறவர்கள் ஆர்.சி.யில் அந்த வரியைப் பாருங்கள்.

இன்ஷூரன்ஸிலும் ஒரு வேடிக்கை. வண்டியின் மதிப்பு தேய்ந்து ஒன்றுமில்லாமல் போனாலும் மூன்றாம் நபர் பிரீமியம் தேயாது. 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். புது வண்டியோ கிழட்டு வண்டியோ, புதுப்பிக்கும்போது ஒன்றுதான். 2027இல் எங்கள் வண்டிக்கு இருபது வயதாகும். இருபதைத் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்பு 10,000 என்று 2025 ஆகஸ்டில் ஆக்கிவிட்டார்கள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கணக்கு வாத்தியார், சேலம்:

எல்லோரும் பட்டதைச் சொன்னீர்கள், பட்டும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. வைகைக்கரை ஐயா, வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்? ஐயாயிரத்துக்குள் என்றால் வாடகைக் கார் லாபம். உங்கள் வீட்டம்மாவின் நோட்டில் பட்டறை வாசலில் நீங்கள் உட்கார்ந்திருந்த நாள்களுக்குப் பத்தி உண்டா?

வைகைக்கரை, மதுரை:

வாத்தியாருக்கு: வருடம் ஒன்பதாயிரம் ஓடுகிறது. மூன்றாம் ஆண்டுச் செலவு 14,000தான். புதுக் காருக்கு என் தம்பி கட்டும் தவணை மாதம் 13,200. அதனால் வைத்திருக்கிறேன். பட்டறை வாசலில் உட்கார்ந்த நாள்களை அவளிடம் கேட்டேன், பத்தி உண்டாம். பத்தொன்பது அரை நாள்கள்.

ஸ்பேனர் அண்ணனுக்கு: என்னுடையது பெல்ட்தான், பில் இல்லை. நீங்கள் எழுதிய அன்றே மெக்கானிக்கை அழைத்தேன். கூடவே, இடது பக்கம் முழுதாகத் திருப்பினால் சக்கரத்திலிருந்து டக் டக்கென்று வரும் சத்தத்தையும் சொன்னேன். குனிந்து பார்த்தால் ஆக்ஸில் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து, சக்கரத்தின் உள்பக்கம் முழுக்கக் கிரீஸ் தெறித்திருக்கிறது. சில நூறு ரூபாய் ரப்பர். அதைக் கிழிந்த அன்றே பார்க்காததால் இப்போது ஜாயின்ட்டே போயிருக்கலாம் என்கிறார். நாளைக் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். இருபதாவது அரை நாள்.